மாசியில் துளிர்த்த கறிவேப்பிலை

அத்தியாயம் பதினொன்று

மாசி, அதாவது பெப்ரவரி, குறுகிய மாதம் என்று கலண்டர் சொல்லும். குளிர் தேசத்து ஸ்காபரோவில் குடியிருந்து பார்த்தவர்கள் அதை நம்பமாட்டார்கள்.

இந்தக் குடும்பத்தை இன்றைக்குத்தான் சந்திப்பவர்களுக்காக நாலு வரி. பழைய வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

யேசுரட்ணம் பாண் சுடுகிற பேக்கரி பக்டறியில் இரவு வேலை செய்கிறவர். மனைவி செலீனுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. மகள் ஸ்டெபனி காப்புறுதி அலுவலகம் ஒன்றில் இருக்கிறாள். மூத்தவன் றொனால்ட் இப்போது இந்த வீட்டில் இல்லை. நகரத்தின் மற்ற முனையில், ரெக்ஸ்டேலில், யாரோ ஒருவருடைய வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறான்.

கணக்கியல் படிப்பை இடையில் விட்டுவிட்டு லொறி ஓட்டப் போனவன் அவன். ஆனால் அதனால் வந்த சண்டைக்காக வீட்டை விட்டுப் போகவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில், சொந்தக்காரர் நிறைந்த மேசையில், பிள்ளைகள் எத்தனை என்று யாரோ கேட்டார்கள். "எனக்கு ஒரு பிள்ளைதான்" என்று யேசுரட்ணம் சொன்னார். அவருக்குப் பின்னால் சோற்றுத் தட்டோடு றொனால்ட் நின்றான். தட்டை வைத்துவிட்டுப் போனவன் பிறகு வரவில்லை. இவரும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்குமே மாட்டுப் பிடிவாதம் என்பாள் ஸ்டெபனி.

செலீனின் சுகயீனம் அதற்கும் முந்தியது. இலையுதிர்ந்து, குளிர்காலக் கணக்குக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினால் போதும், அவள் சுருங்கத் தொடங்குவாள். சமையல் நிற்கும். சிரிப்பு நிற்கும். பகலிலும் போர்வைக்குள் கிடப்பாள். சித்திரை பிறந்து வெயில் வந்ததும் எழும்புவாள். யேசுரட்ணம் முதலில் சோம்பல் என்றார். பிறகு அந்தோனியாருக்கு ஒன்பது நாள் செபமாக நவநாள் செய்தார். போன குளிர்காலம்தான் குடும்ப டொக்டர் அதற்குப் பெயர் சொன்னார், பருவகால மனச்சோர்வு என்று. வெளிச்சம் போதாமல் வருகிறதாம். வெளிச்சத்தாலேயே மாற்றவும் பார்க்கலாமாம்.

அந்த வெளிச்சத்தைத் தெரிந்தெடுத்த கூத்தைத்தான் போன இரண்டு கிழமையும் எழுதினேன். பிளாசாவில் ஒரு பெட்டியில் 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்று கொட்டை எழுத்தில் இருந்ததைப் பார்த்து யேசுரட்ணம் ஒன்றைத் தூக்கி வந்தார். சூரியன் முழுவதும் இதற்குள் இருக்கிறது என்று வாதாடினார். செருகிப் பார்த்தால் கத்தரிப்பூ நிறத்தில் எரிந்தது. செடி வளர்க்கிற விளக்கு அது. செலீன் அதற்கு முன்னால் இருந்து தலையிடி வாங்கினதுதான் மிச்சம்.

ஸ்டெபனிதான் பிறகு உட்கார்ந்து தேடினாள். ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்று யாரும் அச்சடிக்கலாம், அந்தச் சொல்லைப் பார்த்து வாங்கக்கூடாது என்றாள். அம்மா இருக்கிற தூரத்தில் அவள் முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வருகிறது, கண்ணுக்குக் கூடாத புற ஊதாக் கதிர்களைத் தடுத்திருக்கிறார்களா, விளக்கின் முகம் பெரிதா, இவைதான் கேள்வி என்றாள். செலீனுக்குச் சலரோகம், சீனி வியாதி, இருந்தபடியால் டொக்டர் முதலில் கண்ணைச் சோதிக்க அனுப்பினார். கடைசியில் தேநீர்த் தட்டு அளவில் ஒரு வெள்ளை விளக்கு வந்தது. வெளிச்ச அளவில் பத்தாயிரம் லக்ஸ். காலையில் அரை மணித்தியாலம், கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்து, அதை நேரே பார்க்காமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டோ செபப் புத்தகம் வாசித்துக்கொண்டோ இருக்கவேண்டும்.

அது வேலை செய்தது. தை மாதத்தில் செலீன் தலைக்குக் குளித்து, சேலை கட்டி, பூசைக்குப் போனாள். வேலைக்குத் திரும்பினாள். ஒருநாள் நண்டு வாங்கிக் கறி வைத்தாள். யேசுரட்ணம் அதைச் சாப்பிட்டுவிட்டு கையைக் கழுவப் போனார். கண் கலங்கியதற்கு உறைப்பைக் காரணம் சொன்னார்.

போன கிழமை நாம் விட்ட இடத்தில், செலீன் மறுபடியும் படுத்துவிட்டாள்.

இன்றைக்கு ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு.

*

பூசைக்கு நேரமாகிறது என்று யேசுரட்ணம் அறைக் கதவடியில் நின்று சொன்னார். செலீன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தபடியே அவரைப் போகச் சொன்னாள். அவருக்குத் திக்கென்றது. பனிப்புயல் அடித்து பஸ் நின்ற நாளிலும் நடந்து கோயிலுக்குப் போனவள் அவள். அவர்தான் ஒவ்வொரு ஞாயிறும் போகாமல் இருக்கச் சாட்டுச் சொல்கிறவர்.

அவர் வந்து கூடத்தில் இருந்தார். மூலையில், ஜன்னலோரத்து மேசையில் அந்த விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. எழும்பிப் போய் நிற்பாட்டினார். விளக்குப் பெட்டி கையில் சூடாக இருந்தது.

"அம்மா விடிய எழும்பி லைற்றுக்கு முன்னால இருந்திட்டுத்தான் படுத்திருக்கிறா பிள்ளை," என்று மகளிடம் சொன்னார். "லைற் சுடுது. இருந்தும் சரிவரேல்லை எண்டால், உது வலு குறைஞ்சு போச்சு."

ஸ்டெபனிக்குப் பதில் சொல்லக்கூடக் களைப்பாக இருந்தது. கிழமை முழுவதும் அலுவலகம், அதற்கு மேல் சமையல், அதற்கு மேல் அம்மாவின் வேலையிடத்துச் சுப்பவைசருக்குப் போன். அந்த மனுஷி நல்லவள்தான். ஆனாலும் நாளைக்கும் செலீன் வராவிட்டால் அவளுடைய ஷிஃப்றை வேறு ஒருவருக்குக் கொடுக்கவேண்டி வரும் என்று நேற்றுச் சொல்லிவிட்டாள். இதைச் செலீனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு என்ன சமைக்க என்று கேட்க ஸ்டெபனி அறைக்குள் போனாள்.

"எனக்குச் சோறு வையாதை பிள்ளை," என்றாள் செலீன். "என்னை இனி எண்ணாதை."

ஸ்டெபனி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன குளிர்காலத்தில் டொக்டர் அவளையும் தகப்பனையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஞாபகம் வந்தது. இந்த மாதிரிப் பேச்சு வந்தால் சும்மா விடவேண்டாம், கேளுங்கள் என்று சொல்லியிருந்தார். கேட்டாள். சாகவேணும் போல இருக்கா அம்மா என்று நேராகவே கேட்டாள். செலீன் இல்லை என்று தலையசைத்தாள். களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். ஸ்டெபனி நம்பினாள், முழுதாக நம்பவில்லை. விடிந்ததும் டொக்டரிடம் கூட்டிப்போவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள்.

அதுவரை சும்மா இருக்க அவளால் முடியவில்லை. இதைவிடப் பெரிய விளக்கு ஒன்றைப் போய்ப் பார்ப்போம் என்று தகப்பனையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள்.

*

மாக்கம் றோட்டில் உள்ள மருந்துக் கடையில் விளக்குகள் ஒரு தட்டில் இருந்தன. யேசுரட்ணத்தின் கை பழையபடி கொட்டை எழுத்தை நோக்கித்தான் போனது. இந்த முறை ஸ்டெபனி தடுக்கவில்லை. பெட்டிகளைத் திருப்பித் திருப்பி வாசித்தாள், எழுத்துகள் கண்ணுக்குள் போனதே தவிர மண்டைக்குள் போகவில்லை.

மருந்தாளர் ஒரு இளம் பெண், தலையில் துணி சுற்றியிருந்தாள். என்ன பிரச்சினை என்று கேட்டாள். ஸ்டெபனி முழுக்கச் சொன்னாள், அம்மா காலையில் சொன்னதையும் சேர்த்து. அந்தப் பெண் முதலில் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு டொக்டரிடம் போவது நல்லது, ஆனால் இன்றைக்கு அந்தப் பேச்சு முற்றினால் நாளை வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி என்றாள். பிறகு விளக்கைப் பற்றிக் கேட்டாள். வீட்டில் இருப்பதன் பெயரைச் சொன்னதும் அது நல்ல விளக்கு, மாற்றத் தேவையில்லை, சில மாதத்தில் வலு குறையாது என்றாள்.

அம்மா எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? கைக்கெட்டுகிற தூரத்தில். எப்போது? காலையில். நாள் தவறாமலா? ஓம், நாள் தவறாமல்.

அம்மா அதன் முன்னால் இருப்பதைக் கடைசியாக உங்களில் யார் பார்த்தது என்று அவள் கேட்டாள்.

யேசுரட்ணம் மகளைப் பார்த்தார். மகள் தகப்பனைப் பார்த்தாள்.

ஸ்டெபனி காலையில் குளித்து உடுத்து ஓடுகிறவள். கூடத்தின் மூலையில் வெளிச்சம் தெரியும், குசினியில் கேத்தல் சத்தம் கேட்கும், அம்மா இருக்கிறா என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்துவாள். யேசுரட்ணம் வேலை முடிந்து வரும்போது செலீன் புறப்பட்டிருப்பாள். மூலையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கையை வைத்துப் பார்த்தால் சுடும். நிற்பாட்டிவிட்டுப் படுப்பார். தையில் இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள். விளக்குக்கு முன்னால் போட்ட கதிரையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அவள் உட்கார்ந்திருந்ததை, ஒருநாள் அங்கிருந்தபடி ஏதோ பாட்டு முணுமுணுத்ததை. மாசியில் இரண்டு பேருமே பார்க்கவில்லை. சுகமாகிவிட்டாள் என்று பார்வையை எடுத்துவிட்டார்கள்.

ஒன்றும் வாங்காமல் காருக்கு வந்தார்கள். பாக்கிங்கில் பனி கறுத்துப்போய்க் குவிந்திருந்தது. நீ வீட்டில்தானே நின்றாய் என்று யேசுரட்ணம் தொடங்கினார். நீங்களும்தானே அப்பா என்றாள் அவள். அதற்கு மேல் சண்டை பிடிக்க இரண்டு பேரிடமும் சக்தி இல்லை. ஹீற்றர் சூடானதும் புறப்பட்டார்கள்.

*

வீட்டுக்கு வந்து ஸ்டெபனி உலையை வைத்தாள். பருப்பு, மீன், ஒரு சொதி, அவ்வளவுதான் அவளால் முடியும். கறிவேப்பிலை எடுக்க ஃபிறீசரைத் திறந்தாள், பையில் இருந்தது ஐஸ்கட்டியும் ரெண்டு கறுத்த காம்பும். மரத்தில் ஏதும் கிடக்கிறதா பாருங்கோ அப்பா என்று பகிடியாக, விளையாட்டுக்குச் சொன்னாள். உண்மையிலேயே பகிடிதான். யேசுரட்ணத்தின் கறிவேப்பிலை மரம் அந்த வீட்டில் பிரசித்தம். கோடை முழுவதும் பல்கனியில் நிற்கும், குளிருக்கு உள்ளே வரும், நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, முதலே இலையெல்லாம் கொட்டி ஈர்க்குக் கட்டு மாதிரி நிற்கும். மார்ச் மாதத்தில் அதைத் தூக்கி எறியச் சொல்லி வருசா வருசம் ஒரு வழக்கு நடக்கும்.

யேசுரட்ணம் மூலைக்குப் போனார். மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தொட்டி நின்றது.

ஈர்க்குக் குச்சிகளின் நுனியெல்லாம் துளிர். இளம் பச்சை, தொட்டால் ஒட்டுகிற பச்சை. மாசி மாதத்தில், வெளியில் பனி கிடக்க, அவருடைய மரம் தழைத்திருந்தது. அந்த மனிதருக்கு ஒரு நிமிடம் எல்லாம் மறந்துபோனது. ஸ்டெபி, இஞ்சை ஓடி வந்து பார் என்று கூப்பிட்டார். ஒரு துளிரைக் கிள்ளி மணந்து பார்த்தார்.

பிறகுதான் கவனித்தார். துளிர் எல்லாம் ஒரு பக்கத்தில்தான். ஜன்னல் பக்கம் இன்னும் மொட்டைக் குச்சி. மேசைப் பக்கம்தான் பச்சை.

யேசுரட்ணத்துக்கு மூளை விறுவிறுவென்று ஓடாது. ஆனாலும் மெல்ல மெல்ல வந்து சேரும். அவர் துளிரைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மேசைமேல் விளக்கைப் பார்த்தார். விளக்கின் முகம் கதிரையைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதிரை மேசைக்குள் தள்ளி இருந்தது. அதன்மேல் மடித்த துவாய்கள் அடுக்கி இருந்தன. பல நாளாக அதில் யாரும் இருக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் இந்த விளக்கை அவர்தான் நிற்பாட்டினார். சூடு பார்த்தார். முகம் எங்கே திரும்பியிருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. தன்னையே அறையவேண்டும் போல அவருக்கு இருந்தது.

பின்னால் வந்த ஸ்டெபனியும் பார்த்தாள். அவளுக்கு விளங்க அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

*

"செலீன், லைற் ஏன் மரத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது?"

கேட்டுவிட்டு யேசுரட்ணம் கட்டிலில் இருந்தார். ஸ்டெபனி கதவில் சாய்ந்து நின்றாள்.

"சும்மா கிடக்கிற சாமான்தானே," என்றாள் செலீன். "உங்கட மரமாவது தழைக்கட்டும் எண்டு திருப்பிவிட்டனான்."

தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனிலிருந்து அவள் விளக்கின் முன்னால் இருக்கவில்லை. விடிய எழும்பி அதை மரத்துக்குப் போட்டுவிட்டு, குசினி இருட்டில் நின்று தேத்தண்ணி குடித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். முதல் கிழமை சமாளித்தாள். பிறகு பழையபடி கைகால் கனக்கத் தொடங்கியது. இந்தக் கிழமை வேலைக்கும் போகமுடியவில்லை. அப்போதும் விடிய எழும்பி மரத்துக்கு மட்டும் விளக்குப் போட்டிருக்கிறாள்.

ஏன் என்று கேட்டதற்கு, தவக்காலத்து ஒறுத்தல் என்றாள்.

தவக்காலத்தில் செலீன் ஏதாவது ஒன்றை விடுவாள். ஒரு வருசம் மீன், ஒரு வருசம் தேத்தண்ணிக்குச் சீனி, ஒரு வருசம் ரிவி நாடகம். எங்கள் கத்தோலிக்கச் சனத்தில் இது புதினமில்லை. பிடித்ததை விட்டால்தான் ஒறுத்தல், பிடிக்காததை விடுவதற்கு எதற்குத் தவக்காலம்? இந்த வருசம் எதை விடலாம் என்று அவள் யோசித்துப் பார்த்திருக்கிறாள். சாப்பாட்டில் அவளுக்கு அவ்வளவு ருசி இல்லை. நாடகம் பார்ப்பதில்லை. அவளிடம் பிடித்தது என்று ஒன்றுதான் இருந்தது.

"அதுக்கு முன்னால இருக்கேக்கை எனக்குச் சந்தோசமா இருந்தது," என்றாள். "சந்தோசத்தைத்தானே விடவேணும்."

ஸ்டெபனிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "அம்மா, அது மெடிசின். சீனி வியாதிக் குளிசையைத் தவக்காலத்துக்கு விடுவீங்களா?"

"குளிசை கைக்கும் பிள்ளை. இது அப்பிடியில்லையே."

இனிக்கிற மருந்தை மருந்து என்று அவள் நம்பவே இல்லை.

யேசுரட்ணம் கோயில் சட்டம் பேசிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஒறுத்தல் கணக்கில் வராது, இன்றைக்காவது வந்து இரு என்றார். சுகமில்லாதவர்களுக்கு ஒறுத்தலே கிடையாது, வேணுமென்றால் ஃபாதருக்கு இப்போதே போன் அடித்துக் கேட்கிறேன் என்றார். இருபது வருசமாகப் பிரசங்கத்தில் நித்திரை கொண்ட மனிதர் இவ்வளவு தெரிந்து வைத்திருந்தது அவருக்கே புதினமாக இருந்திருக்கும்.

செலீன் தலையை ஆட்டினாள். ஒறுத்தல் என்றால் ஞாயிறு விடலாம்தான், ஆனால் இது வெறும் ஒறுத்தல் இல்லை, கடவுளிடம் நேர்த்தி வைத்துவிட்டேன் என்றாள்.

என்ன நேர்த்தி என்று யேசுரட்ணம் கேட்டார். பதில் என்னவாக இருக்கும் என்று அவருக்குப் பாதி தெரிந்திருந்தது.

"தம்பி றொனால்ட் வந்து இந்த வீட்டில ஒரு நேரம் சாப்பிடுமட்டும் லைற்றுக்கு முன்னால இருக்கமாட்டன் எண்டு. வேற என்னட்டைக் குடுக்க என்ன கிடந்தது?"

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினாள். குற்றமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், திருப்பி ஒன்று சொல்லியிருக்கலாம்.

*

குசினியில் உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. ஸ்டெபனி போய் நெருப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். வரும்போது தன் போனில் ஒரு இலக்கத்தை எடுத்து, தகப்பனிடம் நீட்டினாள்.

"நாளைக்கு டொக்டரிட்டை நான் கூட்டிக்கொண்டு போறன் அப்பா. இது நீங்கள் செய்யவேண்டியது."

யேசுரட்ணம் போனை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போனார். துவாய்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, செலீனின் கதிரையில் இருந்தார். பக்டறியில் மா மூட்டை தூக்கின உடம்பு, ஆனால் அந்தப் போன் அவருக்குக் கனத்தது. பொத்தானை அமத்தினார்.

றொனால்ட், தங்கை என்று நினைத்து எடுத்தான். இவர், நான் அப்பா என்றார். அம்மாவுக்கு என்ன என்று அவன் கேட்டான். குரல் அடைத்துப்போய், நித்திரையால் எழும்பினவன் குரல் மாதிரி இருந்தது. மத்தியானம் கடந்துவிட்டது.

யேசுரட்ணம் கதையை முன்னுக்குப் பின்னாகச் சொன்னார். விளக்கு, மரம், விபூதிப் புதன், நேர்த்தி. சொல்லச் சொல்ல, தான் சொல்லவந்தது இதுவல்ல என்று அவருக்கே தெரிந்தது. நிறுத்தினார். மூச்சை எடுத்தார்.

"அண்டைக்கு மண்டபத்தில நான் சொன்னது பிழை. எனக்கு ரெண்டு பிள்ளையள்."

அவர் காத்திருந்தார். திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தார்.

றொனால்ட் திட்டவில்லை. அது என்ன விளக்கு என்று கேட்டான்.

யேசுரட்ணத்துக்கு அது தெரிந்த விசயம். ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்று எழுதியிருந்தால் ஏமாறக்கூடாது, வெளிச்சம் முகத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பார்க்கவேண்டும், தட்டளவு பெரிதாக இருக்கவேண்டும், கண்ணைச் சோதித்துவிட்டுப் பாவிக்கவேண்டும் என்று மகள் சொன்னதையெல்லாம் தான் கண்டுபிடித்ததுபோலச் சொன்னார். பேச ஒரு பொருள் கிடைத்ததே பெரிய காரியம்.

"உது உண்மையா வேலை செய்யுமோ அப்பா?"

"கொம்மாவுக்குச் செய்தது."

"எனக்கும் செய்யுமோ?"

யேசுரட்ணத்துக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் உனக்கு என்ன என்று கேட்டார்.

அவன் மெல்ல மெல்லத்தான் சொன்னான். பேஸ்மென்றில் இருக்கிற ஒரே ஜன்னலையும் பனி மூடிவிட்டது. தை மாதத்திலிருந்து லொறி எடுக்கவில்லை. எழும்ப முடியவில்லை. முதலில் சோம்பல் என்று நினைத்தானாம். மகன் வீராப்பில் இருக்கிறான், நல்லாய்ச் சம்பாதிக்கிறான், அதுதான் தகப்பன் தேவையில்லை என்று இத்தனை காலமும் யேசுரட்ணம் கறுவிக்கொண்டிருந்தார். அந்த நேரமெல்லாம் பிள்ளை தாயைப் போலவே போர்வைக்குள் கிடந்திருக்கிறான். ஒரே நகரத்தில்.

"வா," என்றார். "வீட்டை வந்து லைற்றுக்கு முன்னால இருந்து பார்."

இப்பவோ என்று அவன் கேட்டான். இல்லை, காலையில்தான் இருக்கவேண்டும், பின்னேரம் இருந்தால் இரவு நித்திரை குழம்பிவிடும் என்றார். காலையில் எத்தனை மணிக்கு என்று அவன் கேட்டான். அவருக்குத் தெரியாது. அவள் வந்து உட்காருகிற நேரத்தில் அவர் பக்டறியில் நிற்பார், லீவு நாளில் நித்திரையில்.

திரும்பிப் பார்த்தார். அறை வாசலில் செலீன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை கலைந்து, ஒரு காலில் மட்டும் காலுறையோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"செலீன், நீ எத்தினை மணிக்கு இருக்கிறனீ?"

"விடிய முன்னம்," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "இரவே வந்து படுக்கச் சொல்லுங்கோ."

அவர் அதை அப்படியே போனில் சொன்னார். மற்றப் பக்கத்திலிருந்து பாப்பம், பார்ப்போம், என்று ஒரு சொல் வந்தது. போன் நின்றது.

அந்த வீட்டில் பாப்பம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் சின்னனில் சைக்கிள் கேட்டாலும், பள்ளிக்கூடப் பயணத்துக்குக் காசு கேட்டாலும் யேசுரட்ணம் சொன்ன சொல் அதுதான். அநேகமாக இல்லை என்று அர்த்தம். எப்போதாவது ஒருதரம் ஓம் என்றும் இருந்திருக்கிறது, சைக்கிள் வந்திருக்கிறது.

என்ன சொன்னான் என்று செலீன் கேட்கவில்லை. அவர் முகத்திலிருந்தே தெரிந்திருக்கும். மெல்ல வந்து விளக்கைக் கதிரைப் பக்கம் திருப்பி வைத்தாள். சாப்பாட்டு மேசையிலிருந்து இன்னொரு கதிரையை இழுத்து வந்து பக்கத்தில் போட்டாள். சுவிச்சைத் தொடவில்லை. அந்தச் சின்ன வேலைக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஸ்டெபனி குசினி வாசலில் கரண்டியோடு நின்றாள். இரவுக்கு அரிசி எத்தனை பேருக்குப் போட என்று கேட்டாள்.

"நாலு பேருக்குப் போடு," என்றாள் செலீன்.

சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். கதவை மட்டும் சாத்தவில்லை.